சுண்டு நாலில் என்னென்ன வரும்?

ஒரு காட்டில் ஒரு மயில் இருந்தது. காடு என்றதும் சிங்கம், ராஜசபை, மந்திரி நரி என்று யோசிக்க வேண்டாம். அவர்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இது மயில் கதை.

மயிலின் பெயர் மயிலேறும்பெருமாள். தன் முதுகில் யாரோ ஏறி உட்காரப்போவதைப் பெயரிலேயே எழுதிவைத்துக்கொண்ட மயில் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். பெற்றவர்கள் பக்தியில் வைத்துவிட்டார்கள், யோசிக்கவில்லை. நாம் பெருமாள் என்று சுருக்கிக்கொள்வோம்.

பெருமாளின் தோகையில் யாரும் குறை சொல்ல முடியாது. எண்ணிப் பார்த்தால் நூற்றைம்பது கண்ணுக்குக் குறையாது. குரல்தான் கோளாறு. அவன் வாயைத் திறந்தால் தகரத்தைக் கல்லில் இழுத்த மாதிரி இருக்கும். ஆடத் தொடங்கினால் அவனுக்கு உற்சாகம் வரும், உற்சாகம் வந்தால் கத்துவான், கத்தினால் பார்க்க வந்த பெட்டைகள் எழுந்து போய்விடும். மூன்று வருஷத்து ஆடிச் சாரல் இப்படியே வீணாகிவிட்டது.

இந்த வருஷம் அவன் மனசில் இருந்தது ஓடைக்கரைத் தங்கபுஷ்பம். அவளை நினைத்தாலே அவனுக்குக் கால் தரையில் நிற்காது. அவளும் ஒரேயடியாக மறுக்கவில்லை, நிபந்தனையோடு நிறுத்திக்கொண்டாள்.

"தோகை எல்லாருக்கும்தான் இருக்கு. பாட்டு வச்சு ஆடுங்க, உக்காந்து பாக்கேன். நீங்களே பாடினா எனக்குத் தலைவலி வந்திரும். ஆடி கடைசி வரைக்கும் இருப்பேன். அதுக்கு மேல எங்க சித்தி இருக்க காட்டுக்குப் போயிருவேன்" என்றாள்.

ஆடி முடிந்தால் போவது தங்கபுஷ்பம் மட்டுமில்லை. ஆவணி பிறந்தால் தோகையும் கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்கும். தோகை உதிர்ந்த ஆண்மயிலைப் பார்த்திருக்கிறீர்களா? கோழிக்குக் கழுத்தில் ஏதோ வியாதி என்றுதான் நினைப்பீர்கள். ஆகவே பெருமாளுக்கு உடனடியாக ஒரு பாட்டு வேண்டியிருந்தது.

அந்தக் காட்டில் பாட்டு வேண்டுமென்றால் சுண்டு. சுண்டைக்காய் அளவு இருக்கும், அதனால் அந்தப் பெயர். இறகில் செருகிக்கொண்டு அலகால் ஒரு தட்டு தட்டினால் பாடும், இன்னொரு தட்டு தட்டினால் நிற்கும். உள்ளே பன்னிரண்டு பாட்டு. விலை நாலு நாவற்பழம். ஏழைக்கும் எட்டுகிற சாமான், எலிகூட வைத்திருந்தது. கிழக்கே இருந்த பெரிய புற்றில் கரையான்கள் அதைத் தயாரித்தன. வருஷத்துக்கு ஒன்று என்று சுண்டு ஒன்று, இரண்டு, மூன்று வரை வந்திருந்தது.

விற்பது முள்ளம்பன்றி சங்கிலி அண்ணாச்சி. அவருக்குக் கடை என்று தனியாகக் கிடையாது. தன் முட்களிலேயே சரக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். காட்டிலேயே அவர் கடையில்தான் வரிசையில் யாரும் யாரையும் நெருக்க மாட்டார்கள்.

ஆனி மாதம் ஒரு காலையில் பெருமாள் நாலு பழத்தோடு போய் நின்றான். அண்ணாச்சியின் இடது பக்க முள்ளில் ஒரே ஒரு சுண்டு மூன்று தொங்கியது.

"கடைசி உருப்படி பெருமாளு. புத்துல பழசு போடுறத நிறுத்திட்டானுவ. எடுத்துக்கோ" என்றார் அண்ணாச்சி.

பெருமாள் அலகை நீட்டினான். அந்தச் சமயம் பார்த்துத் தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

"தம்பி, இப்பமா வாங்கப் போற?"

ஆள்காட்டிக் குருவி குருவம்மாள். காட்டில் யார் எங்கே போனாலும் ஊருக்குச் சொல்வது அவள் குலத்தொழில். சும்மா இருப்பவர்களையும் அவள் விடுவதில்லை.

"ஏன்க்கா, வாங்கக்கூடாதா?"

"நல்லா வாங்கு. உன் பழம், உன் இஷ்டம். அடுத்த மாசம் சுண்டு நாலு வருது, அத மட்டும் சொல்லிட்டுப் போறேன். திரை வருதாம்."

"திரையா? பாட்டுக்கு எதுக்குத் திரை?"

"என்ன பாட்டு ஓடுதுன்னு பாக்க."

பெருமாள் அதுவரை தான் கேட்கும் பாட்டைப் பார்க்க வேண்டும் என்று நினைத்ததே இல்லை. அந்த நிமிஷத்திலிருந்து வேறு நினைப்பே இல்லை. நீட்டிய அலகு தானாகப் பின்னால் வந்தது. பின்னால் நின்ற இன்னொரு ஆண்மயில், சொள்ளமுத்து என்று பெயர், "நீ எடுக்கலியா?" என்று கேட்டுவிட்டு நாலு பழத்தை வைத்து அந்தக் கடைசி உருப்படியை எடுத்துக்கொண்டு போனான். வரிசையே அவனைப் பார்த்து உச்சுக்கொட்டியது. பாவம், விவரம் தெரியாதவன்.

குருவம்மாளுக்கு இந்தச் செய்தியெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். அழுங்கு வெள்ளத்துரையிடமிருந்து வந்தது. அழுங்கு என்றால் உடம்பெல்லாம் செதில் வைத்த எறும்புத்தின்னி. எறும்பு கிடைக்காத நாளில் கரையான். வெள்ளத்துரையின் நாக்கு அவர் உடம்பு நீளம் இருக்கும். அதைப் புற்றுக்குள் விட்டுத் துழாவி, ஒட்டியதை உள்ளே இழுத்து, மென்று பார்த்து, எந்தப் பிரிவில் என்ன வேலை நடக்கிறது என்று ருசியை வைத்தே சொல்லிவிடுவார். நிறுவனத்துக்குள் இவ்வளவு ஆழமாக ஆள் வைத்திருந்தவர் வேறு யாருமில்லை.

தினமும் உச்சிவேளையில் தண்ணித்துறையில் கூட்டம் கூடும். வெள்ளத்துரை பாறைமேல் ஏறி வயிற்றைத் தடவிக்கொள்வார். காடு மூச்சுவிடாமல் கேட்கும்.

"இன்னைக்கு நானூறு பேரு. கண்ணாடி வாசம் அடிச்சுது."

"திரை உறுதி" என்று குருவம்மாள் கத்துவாள்.

"பொறவு ஒரு முந்நூறு. நாக்குல சுருக்குனு இருந்துச்சு."

"பேட்டரி பெருசாகுது. ஒருதடவை ஏத்தினா ஒரு மாசம்."

"நடுவுல ஒரு கூட்டம். கடிச்சா கடிபடல. வழுக்கிக்கிட்டே போவுது."

"பொத்தான். பொத்தான் தனியா வருது."

ஆரவாரம் அடங்க வெகு நேரம் ஆகும். யானை எழுந்து, பொத்தான் பெரிசாக இருக்குமா என்று கேட்டது. முதலை, தண்ணீரில் பாடுமா என்று கேட்டது. வௌவால், தலைகீழாகப் பிடித்தால் திரையில் எழுத்து நேராகத் தெரியுமா என்றது. ஆமைக்கு ஒரே கவலை, புதுசிலாவது பாட்டைக் கொஞ்சம் மெதுவாகப் பாடச் சொல்ல முடியுமா என்பதுதான். எல்லாவற்றுக்கும் வெள்ளத்துரை "நாளைக்குத் தின்னு பாத்துச் சொல்லுதேன்" என்று பதில் சொன்னார்.

ஒருநாள் சங்கிலி அண்ணாச்சி, விலை என்ன ஆகும் என்று கேட்டார்.

"விலைப் பிரிவா?" வெள்ளத்துரை முகத்தைச் சுளித்தார். "ஒருதடவை வாயில போட்டேன். வேப்பங்கொட்டைக் கசப்பு. துப்பிட்டேன். அந்தப் பக்கம் இப்பம் நாக்கே நீட்டுறதில்ல."

அண்ணாச்சி இன்னொன்றும் கேட்டார். "தெனமும் இத்தன பேரத் தின்னுறீரே, உள்ள வேல செய்ய ஆளு இருக்கா?"

"அது கடலுவே. தின்னா குறையுமா?"

நல்ல பதில்தான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

பெருமாள் ஒரு கூட்டத்தையும் விடவில்லை. ஆடிப் பழக வேண்டிய நேரத்தில் மணலில் காலால் சுண்டு நாலின் படம் வரைந்துகொண்டிருந்தான். முதலில் திரை சதுரமாக இருந்தது, பிறகு வட்டம், பிறகு மடங்கியது. சந்தோஷம் தாங்காமல் அவன் கத்தின கத்தலில் ஓடைக்கரையில் இரண்டு கொக்கு குடிபெயர்ந்தது. இருந்தாலும் சொல்கிறேன், அவன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

இதற்கிடையில் ஆடி பிறந்தது. புற்று வாசலில் ஓர் அரசிலை ஒட்டப்பட்டது. சுண்டு நாலுக்கு முன்பதிவாம். படிவம் மூன்று நகல், கீழே பெருவிரல் ரேகை. காட்டில் பெருவிரல் இருந்தது குரங்குக்கு மட்டும். அது பெரிய மனசு பண்ணி எல்லாருடைய படிவத்திலும் தன் விரலையே பதித்துக் கொடுத்தது. அதனால் இன்றைக்கும் அந்தக் காட்டில் இருக்கிற முந்நூற்றுச் சொச்சம் பேரும் சட்டப்படி ஒரே ஆள்.

சொள்ளமுத்து இந்த வரிசைக்கெல்லாம் வரவில்லை. முதல் சாரலிலேயே சுண்டு மூன்றை இறகில் செருகிக்கொண்டு தங்கபுஷ்பத்தின் முன்னால் போய் ஆடினான். நன்றாகவே ஆடினான். பாட்டும் நன்றாக இருந்தது. பழைய நீதிக்கதையாக இருந்தால் இங்கேயே கல்யாணம் முடிந்து, பெருமாள் மூலையில் உட்கார்ந்து அழுது, நானும் பாயைச் சுருட்டியிருப்பேன். ஆனால் தங்கபுஷ்பமும் இரண்டு நாளாகத் தண்ணித்துறைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

"இதுல திரை இல்லையா?" என்று கேட்டாள்.

"பாட்டக் கேக்கதுக்குத் திரை எதுக்கு?" என்றான் சொள்ளமுத்து.

இந்தக் கதையில் அறிவாக யாராவது ஏதாவது பேசியிருந்தால் அது இது ஒன்றுதான். அதனாலேயே அவள் எழுந்து போய்விட்டாள். அவன் பக்கத்துக் குன்றுக்குப் போய் வேறொரு பெட்டையின் முன்னால் ஆடினான். அவளுக்குத் திரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருவரும் அன்றைக்கே குடித்தனம் தொடங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்த விஷயத்திலும் காடு அவனிடம் கருத்துக் கேட்டதில்லை.

தங்கபுஷ்பம் நேராகப் பெருமாளிடம் வந்தாள்.

"மடங்குமாமே?"

"ரெண்டா மடங்கும்" என்றான் பெருமாள். "மூணான்னு நாளைக்குத் தெரியும்."

அன்று சாயங்காலம் வரை இருவரும் அதையே பேசினார்கள். கிளம்பும்போது அவள், "ஆடி முடியறதுக்குள்ள வந்திரும்லா?" என்றாள். அவள் கேட்டது சுண்டைப் பற்றி. அவனுக்குக் கேட்டது தன் வாழ்க்கையைப் பற்றி.

அரசிலையில் சொன்னபடி ஆடி பத்தில் வரவேண்டியது வரவில்லை. புற்று வாசலில் புதிய இலை: "தவிர்க்க முடியாத காரணங்களால் தாமதம்." அவ்வளவு அற்புதமாகச் செய்கிறார்கள், அதனால்தான் நேரம் பிடிக்கிறது என்று குருவம்மாள் விளக்கினாள். ஆடி பதினெட்டில் இன்னோர் இலை வந்தது. இதில் எழுத்துப்பிழை இருந்தது, பாதி வாக்கியம் இல்லை. என்ன ரகசியம் பாருங்கள் என்று காடு சொக்கிப் போனது. வெள்ளத்துரை இப்போது பாறைமேல் ஏற முடியாத அளவுக்குப் பருத்திருந்தார். செய்தியைக் கீழே உட்கார்ந்தே சொன்னார்.

ஆடி முடிய ஐந்து நாள் இருக்கும்போது பெருமாளின் முதல் இறகு விழுந்தது. அவன் அதைச் சட்டென்று காலால் மூடிக்கொண்டான், யாரும் பார்க்கவில்லை. திரை, பொத்தான், பேட்டரி என்று இத்தனை நாள் பேசினோமே, ஆடுவதற்கு ஏற்ற பாட்டு அதில் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லையே என்று அப்போதுதான் தோன்றியது.

வெள்ளத்துரையின் பொந்துக்கு ஓடினான்.

"மாமா, உங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன். பாட்டுப் பிரிவு பக்கம் மட்டும் ஒருதடவை நாக்க விட்டுப் பாருங்க. துள்ளலான பாட்டா, சோகப் பாட்டான்னு எனக்குத் தெரியணும். என் கல்யாணம் அதுலதான் இருக்கு."

வெள்ளத்துரைக்குப் பசியில்லை. ஆனாலும் நல்ல மனிதர், சரி, நல்ல அழுங்கு. கெஞ்சுகிறவனுக்காக எழுந்து போனார். சாயங்காலம் திரும்பி வந்து பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார். அந்த ஏப்பம் ராகத்தோடு இருந்தது.

"நல்ல துள்ளல் பாட்டு. சந்தேகம் இல்லாம இருக்கணும்னு ஒருத்தன விடாமத் தின்னு பாத்துட்டேன்."

பெருமாள் அவர் காலில் விழுந்தான். பிறகு மூன்று நாள் அண்ணாச்சியின் கடை வாசலில், வரிசையில் முதல் ஆளாக, நகராமல் நின்றான்.

ஆடி கடைசி நாள் மதியம் நல்ல மழை. மழை விட்டதும் புற்று திறந்தது. ஈசல்கள் கூட்டமாகப் பறந்து வந்தன, ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சுண்டு நாலு. அண்ணாச்சியின் முட்களில் அவற்றைத் தொங்கவிட்டன. வெளியீட்டு விழா நடத்த வந்த ஈசல்களை விழா முடிந்ததும் சாப்பிட்டுவிடுவது அந்தக் காட்டு மரியாதை. அதன்படி சாப்பிட்டார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு சரக்கைப் பார்த்தார்கள்.

சுண்டு நாலில் திரை இல்லை. பொத்தான் இல்லை. இறகில் செருகுகிற கொக்கியும் இல்லை. வழவழவென்று ஓர் உருண்டை, அவ்வளவுதான். கூடவே ஒரு விலைச்சீட்டு இருந்தது. அது மட்டும் அழகான கையெழுத்தில், பிழையில்லாமல், ஓரத்தில் பூ வேலைப்பாட்டோடு இருந்தது. நாற்பது நாவற்பழம்.

விளக்கம் கேட்கலாம் என்றால் ஈசலைத் தின்றாகிவிட்டது. கடைசியில் குருவம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தேவையில்லாதது ஒண்ணுமே இல்ல. என்ன ஒரு எளிமை" என்றாள். வரிசை முழுவதும் "எளிமை, எளிமை" என்று பின்னால் போயிற்று.

பெருமாளிடம் நாலு பழம்தான் இருந்தது. நாவல் மரங்கள் காய்த்து ஓய்ந்து பத்து நாளாகிவிட்டது.

"அண்ணாச்சி, ஒரு வழி பண்ணுங்க. ஓடைக்கரையில அவ காத்துக்கிட்டு இருக்கா."

அண்ணாச்சி அவனை மேலும் கீழும் பார்த்தார். "பழம் இல்லாட்டி இறகு குடு. ஒரு பழத்துக்கு ஒரு இறகு."

முப்பத்தாறு இறகு. ஒவ்வொன்றாகத் தன் அலகாலேயே பிடுங்கி வைத்தான். வலியில் உயிர் போயிற்று. கத்தினால் தங்கபுஷ்பத்துக்குக் கேட்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான். மயிலுக்குப் பல் ஏது என்று கேட்காதீர்கள், அவனுக்கு வலித்தது.

ஓடைக்கரைக்குப் போனான். உருண்டையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, நடுவில் இடைவெளி விழுந்த தோகையை விரித்து, அலகால் ஒரு தட்டு தட்டினான். பாடவில்லை. இன்னொரு தட்டு தட்டியும் பாடவில்லை. தங்கபுஷ்பம் கல்லின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிவிடலாமா என்றிருந்தது அவனுக்கு. ஆனால் தோகையை விரித்தாயிற்று. இல்லாத பாட்டைக் காதைத் தீட்டிக்கொண்டு தேடியபடியே ஆடத் தொடங்கினான். கேட்கிறதோ என்னவோ என்ற கவனத்தில் இந்தத் தடவை கத்த மறந்துவிட்டான். தூறல் விழுந்தது. ஓடை ஓடியது. பக்கத்துக் குன்றிலிருந்து சொள்ளமுத்துவின் சுண்டு மூன்று பாடியது. "யாருவே அது, பழச வச்சுத் தொல்லை பண்ணுதது?" என்று யாரோ அதட்டினார்கள். அதுவும் நின்றது.

ஆடி முடித்து, மூச்சிரைக்க நின்றான்.

"குடுங்க, நானும் கேக்கேன்" என்றாள் தங்கபுஷ்பம்.

கொடுத்தான். அவள் உருண்டையைக் காதோடு வைத்து வெகுநேரம் கேட்டாள்.

"ஒண்ணும் கேக்கலியே."

"ஆமா" என்றான் பெருமாள். பொய் சொல்லக்கூட அவனிடம் தெம்பில்லை. "பாட்டு இல்ல. மாமாகிட்ட நான்தான் பாட்டுப் பிரிவத் தின்னு பாக்கச் சொன்னேன்."

அவள் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவன் தோகையின் நடுவிலிருந்த இடைவெளியையும் பார்த்தாள்.

"இன்னைக்குத்தான் நீங்க வாய மூடிக்கிட்டு ஆடி நான் பாக்கேன். தலைவலியே இல்ல" என்றாள். பிறகு பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வர்ற வழியில குருவம்மாக்கா சொன்னா. சுண்டு அஞ்சுல பாட்டெல்லாம் வருதாம்."

பெருமாளின் கழுத்து தானாக நிமிர்ந்தது. "பாட்டா? நெசமாவா?"

"பன்னெண்டு பாட்டு இருக்குமாம்."

"எறகுல செருக முடியுமா?"

"அது நாளைக்குத்தான் தெரியுமாம்."

இருவரும் சந்தோஷத்தில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டார்கள். மறுநாள் கல்யாணம். காடே வந்திருந்தது, மேளம் வைக்கவில்லை, ஆளுக்கொரு உருண்டையைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அழுங்கு வெள்ளத்துரை மட்டும் வரமுடியவில்லை என்று சொல்லி அனுப்பினார். புற்றில் வேலை இருக்கிறதாம்.

நீதி: புதுச் சாமானில் என்னென்ன வரும் என்று அதைச் செய்கிறவர்களைத் தின்று தெரிந்துகொள்வதில் தவறில்லை. ஆனால் கசந்தாலும் பரவாயில்லை என்று விலைப் பிரிவிலிருந்து தொடங்க வேண்டும்.